தாழ்வுபாட்டுத் தலைவலி

அத்தியாயம் ஆறு

தானாக வரும் தலைவலி உண்டு. தானாகப் போகும் தலைவலியும் உண்டு. அலெக்ஸாண்டரின் தலைவலி தானாகப் போக முடியாத வகை. அப்படியிருந்தும் அது போய்க்கொண்டிருந்தது. றாபியாவுக்கு விளங்காதது அதுதான்.

உப்புக்குளத்தில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் அவளுடைய கந்தோர். ஒரு மேசை, ஒரு கதிரை, இரண்டு தொலைபேசிகள். போரில் காயப்பட்டுப் படுக்கையில் கிடக்கும் முன்னாள் போராளிகளும் அவர்களைப் பார்ப்பவர்களும் எந்த நேரமும் எடுத்துக் கேட்கலாம் என்று ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்திருந்த இலக்கம் அவற்றில் ஒன்று. ஆஸ்பத்திரி விடுதிகளில் வருடக்கணக்காக நின்று வேலை செய்த தாதி றாபியா, இப்போது இருந்தபடி வேலை செய்தாள். நோயாளியைத் தொட வழியில்லை, பார்க்க வழியில்லை. மறுமுனையில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய கண்ணையும் கையையும் இரவல் வாங்கித்தான் எல்லாம் நடக்க வேண்டும்.

அலெக்ஸாண்டரின் கழுத்து முள்ளந்தண்டில் செல் குண்டின் துண்டு. தோளை அசைப்பார், முழங்கையை மடக்குவார், விரல்கள் மூடாது. நெஞ்சுக்குக் கீழே தனக்கு உடம்பு இருக்கிறது என்பது பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். சலம், அதாவது சிறுநீர், போக ஒரு இறப்பர் குழாய். அதன் முடிவில், கட்டில் சட்டத்தில் தொங்கும் ஒரு பை.

இப்படிப்பட்ட உடம்பில் சலப்பை நிரம்பி, வெளியே வர வழியில்லாமல் நின்றால் என்ன நடக்கும்? 'நிரம்பிவிட்டது' என்ற செய்தி முள்ளந்தண்டு வழியே மேலே ஏறி, முறிந்த இடத்தில் நின்றுவிடும். தலைக்கு எதுவும் தெரியாது. கீழ் உடம்பு மட்டும் பயந்துபோய்த் தன் இரத்தக் குழாய்களை எல்லாம் இறுக்கிக்கொள்ளும். தண்ணீர்ப் பம்பு ஓடும்போது ஹோஸின் வாயை விரலால் பொத்திப் பாருங்கள். பம்பு அதிரும். அதேதான். இரத்த அமுக்கம் ஏறும், முகம் சிவக்கும், வியர்வை ஊற்றும், தலை பிளக்கும். விரலை எடுத்தால் சில நிமிடங்களில் எல்லாம் அடங்கும். எடுக்காவிட்டால் மூளையில் ஏதாவது ஒரு இரத்தக் குழாய் வெடிக்கும், அத்தோடு சரி.

விதி சுருக்கமானது: காரணம் போகாமல் வலி போகாது.

ஆனால் ஒரே மாதத்தில் நான்கு தரம் அலெக்ஸாண்டருக்கு அந்தத் தலைவலி வந்தது. நான்கு தரமும் அவருடைய தங்கை லூசியா அழைத்தாள். நான்கு தரமும் குழாய் மடியவில்லை, படுக்கைப் புண் இல்லை, ஒரு காரணமும் இல்லை. பிறகு வலி போய்விட்டது. அமுக்கம் அளக்கும் மெசினோடு றாபியாவின் உதவியாளன் கொலின்ஸ் ஓட்டோவில் போய்ச் சேரும்போது, அலெக்ஸாண்டர் தலையணையில் சாய்ந்து தங்கையைத் திட்டிக்கொண்டிருப்பார்.

"நான் வாசல்ல கால் வைச்ச உடன மனுசனுக்குச் சுகம்," என்றான் கொலின்ஸ், தொலைபேசியில். அவனும் முன்னாள் போராளிதான்; அவளை அக்கா முறையில் 'றாத்தா' என்பான். "அதுவும் வைச்சது பிளாஸ்ரிக் கால். மற்றக் காலையும் வைச்சா எழும்பி நடப்பார் போல."

"இப்ப எங்க நிக்கிறாய்?"

"தாழ்வுபாட்டுக் கோயிலடியில, அவர்ர வீட்டுக்குக் கிட்ட. மூண்டாம் நாள், றாத்தா. பக்கத்தில கருவாடு காயுது. என்னையும் ஒருக்காத் திருப்பிப் போட்டா மற்றப் பக்கமும் காயும்."

"நில். இந்த முறை வலி போறதுக்கு முதல் நீ போக வேணும்."

"வராட்டி?"

"வரும். அஞ்சாவதைத் தாங்குவாரோ தெரியாது. சொல்லு, நாலு தரமும் அங்க ஆர் என்ன செய்தது?"

"லூசியா அழுதவ. அண்ணன் ஏசினவர். பேதுரு அண்ணன் வந்து தூக்கி இருத்தினவர். உடன சுகம். பேதுரு அண்ணன்ர கை ராசியாம், லூசியா ஊரெல்லாம் சொல்லித் திரியிறா."

"தூக்கி இருத்தினா அமுக்கம் கொஞ்சம் இறங்கும். வலி முழுசா நிக்காது."

பேதுரு இயக்கத்தில் அலெக்ஸாண்டரின் கீழ் இருந்தவன். இப்போது கடலுக்குப் போகிறவன். விடிய கரைக்கு வந்ததும் அலெக்ஸாண்டரைக் குளிப்பாட்டி, இடுப்பில் கட்டும் சாரத்தை மாற்றி, பையை ஊற்றிவிட்டு, கூப்பிடு தூரத்தில் உள்ள மீன்வாடியில் கிழிந்த வலையைப் பொத்தப் போய்விடுவான். கூலி வாங்குவதில்லை.

மற்றத் தொலைபேசி அடித்தது.

"மிஸ்! திருப்பியும் வந்திட்டுது. அண்ணனுக்கு முகமெல்லாம் சிவந்து வேர்த்து ஊத்துது!"

லூசியாவின் குரலுக்குப் பின்னால் ஒரு கர்ச்சனை. "பேதுரு! டேய் பேதுரு! எங்கயடா போய்த் துலைஞ்சனீ?"

றாபியா ஒரு காதுக்கு ஒரு தொலைபேசியாகப் பிடித்தாள். "கொலின்ஸ், போ. லூசியா, தலகாணியை அடுக்கி அண்ணனை நிமித்துங்கோ. லவுட்ஸ்பீக்கரில போடுங்கோ. இண்டைக்கு நான் 'இருக்கோ, இல்லையோ' எண்டு கேக்க மாட்டன். நீங்கள் பாக்கிறதை மட்டும் சொல்லுங்கோ."

காரணமிருந்தது. 'குழாய் சரியோ?' என்று கேட்டால் 'ஓம் மிஸ்' என்றுதான் பதில் வரும். சரியாக இருப்பதால் மட்டுமல்ல, மிஸ்ஸின் மனம் நோகக்கூடாது என்பதாலும் வரும். 'என்ன தெரிகிறது?' என்ற கேள்விக்கு மரியாதைக்காகப் பதில் சொல்ல முடியாது.

"பையில என்ன தெரியுது?"

"ஒண்டும் இல்லை மிஸ். நல்ல துப்பரவு. பேதுரு அண்ணன் காலமை ஊத்திப்போட்டுத்தான் போனவர்."

நான்கு தரமும் இதே பதில்தான். துப்பரவு. நல்ல பராமரிப்பின் அடையாளம் என்று நான்கு தரமும் கடந்து போயிருந்தாள்.

"ஊத்தினது எப்ப?"

"விடிய, பாண் விக்கிற ஓட்டோ வந்த நேரம்."

"இப்ப வெயில் எங்க நிக்குது?"

"உச்சிக்கு வரப்போகுது மிஸ்."

"அதுக்கிடையில அண்ணன் என்ன குடிச்சவர்?"

"பிளேன்ரீ ரெண்டு தரம். ஒரு செம்பு தண்ணி."

றாபியா கதிரையில் நிமிர்ந்தாள். இரண்டு தேநீர் உள்ளே போயிருக்கிறது. ஒரு செம்பு தண்ணீர் போயிருக்கிறது. சொட்டுக்கூட வெளியே வரவில்லை. காலையில் ஊற்றிய பை மத்தியானம்வரை துப்பரவாக இருந்தால் அது துப்பரவு இல்லை, அடைப்பு.

"லூசியா, குழாயைப் பாத்தனீங்களோ?"

"முழுக்கப் பாத்தனான் மிஸ். ஒரு மடிப்பும் இல்லை."

"குழாய் எங்கயிருந்து தொடங்குது?"

"சாரத்துக்குள்ள இருந்து."

"சாரத்துக்குள்ள எங்கயிருந்து?"

மறுமுனையில் வெட்கத்தில் சுருங்கிய குரல். "அங்கால நான் எப்பிடி மிஸ் பாக்கிறது? அவர் எனக்கு அண்ணன் எல்லோ."

முழுக்க என்றால், லூசியாவுக்கு, முழங்கால் வரை. அதற்கு மேலே குழாய் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அது அவள் பார்க்க வேண்டிய பகுதி இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் மேலே உள்ள அந்த ஒரு முழக் குழாயை ஒரே ஒரு ஆள்தான் பார்த்தான்.

"சாரத்தைத் தூக்குங்கோ."

"ஏலாது மிஸ்..."

"தொட்டியெண்டால் கையை முறிச்சுப்போடுவன்!" என்றார் அலெக்ஸாண்டர். கரண்டி பிடிக்க முடியாத கைகளின் சொந்தக்காரர். மூச்சு வாங்கியது, ஆனாலும் நாக்கு ஓயவில்லை. "ஏய் நேர்ஸ்! தொண்ணூறில உங்கட முஸ்லிம் சனத்தை இஞ்சையிருந்து துரத்தினது நாங்கள். இப்ப என்ர சாரத்தை உரிஞ்சு பழி தீர்க்கிறீரோ?"

தொண்ணூறில் றாபியாவுக்கு எட்டு வயது. உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறியது நினைவிருந்தது.

"பழி எண்டால் நான் இப்ப போனை வைச்சிருப்பன்," என்றாள். "லூசியா, அழாதேங்கோ. வாசலைத் திறந்து விடுங்கோ. கொலின்ஸ் வந்திட்டான்."

பிளாஸ்ரிக் கால் சீமெந்துத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. "கொமாண்டர், மன்னிக்க வேணும். நான் ஆம்பிளைதான், பயப்பிடாதேங்கோ." துணி உரசியது. கொலின்ஸின் குரலில் இருந்த பகிடி போய்விட்டது.

"றாத்தா. குழாயை மடிச்சுத் துடையோட சேர்த்துக் கட்டியிருக்கு. வலை நூல். ஒரு நுனி தொங்குது."

"நுனியை இழு. நூலைத் துலைக்காதை."

ஒரே இழுப்பு. முடிச்சு கரைந்தது போல அவிழ்ந்தது.

"வருது. மாரியில குளம் நிரம்பிற மாதிரிப் பை நிரம்புது."

"அமுக்கம்?"

மெசின் முனகி முடித்தது. "இருநூறைத் தாண்டி நிக்குது. பொறுங்கோ... இறங்குது."

ஒரு நூல். அவ்வளவுதான். இந்த முறையின் அழகு, அப்படிச் சொல்லலாம் என்றால், அதன் தாமதத்தில் இருந்தது. காலையில் கட்டினால் உடனே ஒன்றும் நடக்காது. சலப்பை நிரம்ப வேண்டும். அது நிரம்பும்போது கட்டிய கை வேறு எங்கோ இருக்கும். குடிக்கக் கொடுக்கும் ஒவ்வொரு தேநீரும் மணிக்கூட்டை முடுக்கும்.

கொலின்ஸ் முற்றத்துக்கு வந்து குரலைத் தாழ்த்தினான். "தங்கச்சிதான் றாத்தா. வீட்டில வேற ஆர் இருக்கினம்? இந்த மனுசன்ர வாயை நாள் முழுக்கக் கேட்டா நானும் ஏதாவது கட்டுவன். கழுத்தில."

"செய்தவ எனக்கு ஏன் போன் எடுக்கிறா?"

"நல்லபிள்ளைக்கு நடிக்க. இல்லாட்டி, பேதுரு அண்ணன். ஆனா அவர் காப்பாத்திற ஆள். நாலு தரமும் அவர் வந்துதானே... ஆ, சொல்ல வாயெடுக்க வாறார். ஒழுங்கையால."

"ஓடி வாறாரோ?"

கொலின்ஸ் பார்த்தான். "நடந்து. சந்தைக்கு வாற மாதிரி."

றாபியா வேகமாகப் பேசினாள். "சாரத்தைப் பழையபடி போர்த்து. பையைத் துவாயால மூடு. கொமாண்டரைக் கத்தச் சொல்லு, வலி இன்னும் நிக்கேல்லை எண்டு. லூசியாவின்ர போனை அவர்ர நெஞ்சில வை. பேதுரு உள்ள வந்தா முதல் கை எங்க போகுது எண்டு எனக்குச் சொல்லு."

"அது என்னத்துக்கு?"

"நான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது ஒண்டுதான். முதல் நிமித்தி இருத்த வேணும். காரணம் தெரியாதவன் தோளைப் பிடிப்பான். காரணம் தெரிஞ்சவன் காரணத்துக்குப் போவான்."

அலெக்ஸாண்டர் நடிக்கச் சம்மதித்தது மட்டுமல்ல, அதில் அவருக்கு ஒரு கொடூரமான சந்தோசமும் இருந்தது. "ஐயோ பேதுரு! தலை வெடிக்குது! ஓடிவாடா!"

செருப்பைக் கழற்றும் சத்தம். பேதுருவின் தாழ்ந்த குரல். "வந்திட்டன் அண்ணே, வந்திட்டன். லூசியா, வெளியில போம்மா, நான் பாக்கிறன்."

கொலின்ஸ் கதவுக்குப் பின்னால் நின்று தன் கைத்தொலைபேசியில் முணுமுணுத்தான். "சாரத்துக்குள்ள, றாத்தா. நேரா சாரத்துக்குள்ள." சிறிது இடைவெளி. "கை தேடுது. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம். கிடைக்கேல்லை."

கதவு கிரீச்சிட்டது.

"இதையோ தேடுறீங்கள், அண்ணே?" என்றான் கொலின்ஸ்.

நூல் அவனுடைய விரலில் தொங்கியிருக்க வேண்டும். வெளியே லூசியாவின் வளையல் சுவரில் உரசியது மட்டும் றாபியாவுக்குக் கேட்டது.

"பேதுரு அண்ணே," என்றாள் றாபியா. "நான் நேர்ஸ் கதைக்கிறன். சாகக் கொடுக்கவோ இதைச் செய்தனீங்கள்?"

"சாகக் கொடுக்கிறதெண்டா அவிழ்க்க வருவனோ மிஸ்?" அவன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "செத்த மனுசன் எப்பிடிக் கூப்பிடும்?"

"விளங்கேல்லை."

"என்ர தம்பி றொஷான். வயித்தில காயம். வெட்டை வெளியில கிடந்து இவர்ர பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டவன். நான் தூக்கப் போக இவர் என்ர பக்கம் துவக்கைத் திருப்பினவர். 'விட்டிட்டு நட' எண்டவர். நாங்கள் நடக்க நடக்க அவன்ர சத்தம் பின்னால வந்துகொண்டிருந்தது." மூச்சை இழுத்தான். "இவர் கூப்பிடேக்கை நான் வாடியில இருப்பன். கையில இருக்கிற வலைக் கண்ணியை முடிப்பன். பிறகு இன்னும் ஒரு கண்ணி. பிறகுதான் எழும்புவன்."

"ஓடி வாறவர் எண்டெல்லோ சொன்னவை," என்றான் கொலின்ஸ்.

"வீட்டுப் படலையில இருந்துதான் ஓடுறனான்."

லூசியா உள்ளே வந்துவிட்டாள். "கை ராசி எண்டு நான் மெழுகுதிரி கொளுத்தினனான் அண்ணே, உங்களுக்காக," என்றாள்.

"இந்த வித்தையை எங்க படிச்சனீங்கள்?" என்று கேட்டாள் றாபியா.

பேதுரு சிரித்தான் என்று தோன்றியது. "நீங்கள்தான் மிஸ் சொல்லித் தந்தனீங்கள். தை மாசம் உண்மையாவே குழாய் நசிஞ்சு கிடந்தது. நீங்கள் லவுட்ஸ்பீக்கரில வடிவா விளங்கப்படுத்தினீங்கள். பம்பு, ஹோஸ், விரல். விரலை எடுத்தா உடன அடங்கும் எண்டும் சொன்னீங்கள். அதுக்கு முதல் இவரை எப்பிடி நோகச் செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது. எங்க குத்தினாலும் நோகாத உடம்பு."

றாபியா இரண்டாவது தொலைபேசியை மேசையில் வைத்தாள். நன்றாக விளங்கப்படுத்துவதில் அவளுக்குப் பெருமை இருந்தது. அந்த அறையில் அன்று மிகக் கவனமாகக் கேட்டவன் இவன்தான்.

"இது பொலிசுக்குப் போக வேண்டிய விசயம்," என்றாள்.

"பொலிஸ் வந்து என்னைக் குளிப்பாட்டுமோ?" இது அலெக்ஸாண்டர். குரல் தெளிந்திருந்தது, அமுக்கம் முழுக்க இறங்கிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. "தங்கச்சி சாரத்தைத் தூக்க மாட்டாள். இந்த நொண்டி என்னைத் தூக்கினா ரெண்டு பேரும் விழுவம். டேய் பேதுரு. உன்ர தம்பியைத் தூக்கியிருந்தா பின்னால வந்த பத்துப் பேரும் செத்திருப்பாங்கள். இண்டைக்கும் அப்பிடி ஒரு நிலைமை வந்தா 'விட்டிட்டு நட' எண்டுதான் சொல்லுவன். விளங்குதோ?"

"விளங்குது."

"நாளைக்கு விடிய வா. வெள்ளனவா. முதுகு நாறுது."

லூசியா விம்மினாள். "வாறன்," என்றான் பேதுரு.

"கொமாண்டர்," என்றாள் றாபியா, "அடுத்த முறை அவர் இன்னும் ரெண்டு கண்ணி கூடப் போட்டா நீங்கள் செத்துப்போவீங்கள்."

"அப்ப அதுக்கு வழியைச் சொல்லும். அதுக்குத்தானே உமக்குப் போன்."

அவளுக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. பேதுருவின் மேல் வரவேண்டிய கோபமும் முழுதாக வரவில்லை. இரண்டையும் ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாள். இவரைத் தூக்கக்கூடிய கை ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கையை நம்ப முடியாது. பார்க்கக்கூடிய கண் ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கண் சாரத்தின் விளிம்பில் நின்றுவிடுகிறது. அண்ணன் தங்கை வெட்கத்தை ஒரு தொலைபேசி அழைப்பில் மாற்ற முடியாது. பேதுருவின் மனதையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடிய பொருள் அந்த அறையில் ஒன்றே ஒன்று இருந்தது. குழாய்.

"லூசியா, கண்ணைத் துடைச்சுப்போட்டுக் கேளுங்கோ. கொலின்ஸ், நீயும் கேள். நாளைக்கு இவரை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு வா, நான் டொக்டரோட கதைக்கிறன். அடிவயித்தில, தொப்புளுக்குக் கீழ, ஒரு சின்னத் துளை போடுவினம். குழாய் அதுக்குள்ளால நேராச் சலப்பைக்குப் போகும். கனகாலம் படுக்கையில இருக்கிற ஆக்களுக்கு வழமையாச் செய்யிறதுதான். துளைக்குக் கீழ சாரத்தைக் கட்டலாம், குழாயும் பையும் சாரத்துக்கு வெளியில இருக்கும். தொடங்கிற இடத்தில இருந்து முடியிற இடம் மட்டும் நீங்கள் வெட்கப்படாமப் பாக்கலாம். அதைச் செய்து முடியும் மட்டும் கொலின்ஸ் விடியவும் மத்தியானமும் வந்து சாரத்துக்குள்ள பாப்பான். அதுக்குப் பிறகு, பேதுரு தூக்கட்டும், குளிப்பாட்டட்டும். நீங்கள் அறையில நிக்க வேணும். குழாயிலயும் பையிலயும் கை வைக்கிறதும், ஊத்திறதும் நீங்கள் மட்டும். பை துப்பரவோ எண்டு பாக்காதேங்கோ. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, எவ்வளவு ஏறியிருக்கெண்டு பாருங்கோ. ஏறினா சரி. ஏறாட்டி எனக்கு எடுங்கோ."